மூன்று படி, ஏழு மீட்டர்

செப்டம்பர் 3, செவ்வாய்

தேர்வுத் தாள் திருத்தி முடித்தேன். ஐந்தாம் வகுப்பு, முப்பத்தொரு தாள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் பளிச்சென்று போட்டிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் வாழ்க்கைக் கணக்கு நான்கு. அங்கே வந்ததும் வண்டி குடை சாய்ந்துவிட்டது.

"மொத்தம் 35 பக்கம் உள்ள புத்தகத்தில் ஒருத்தி 12 பக்கம் படித்துவிட்டாள். இன்னும் எத்தனை பக்கம் படிக்க வேண்டும்?" பத்தொன்பது பேர் எழுதிய விடை, 47.

வகுப்பில் கேட்டேன். "முப்பத்தஞ்சு பக்கப் புத்தகத்துல நாப்பத்தேழு பக்கம் எங்கேர்ந்துடா வந்துச்சு?"

'கூட்டல்' எழுந்து நின்றான். எதைக் கொடுத்தாலும் கூட்டுகிறவன், அதனால் வகுப்பு வைத்த பெயர். "மொத்தம்னு இருந்துச்சு மிஸ். மொத்தம்னா கூட்டணும்னு நீங்கதானே எழுதிப் போட்டிருக்கீங்க."

சுவரைக் காட்டினான். பதினொரு வருடமாகத் தொங்குகிற என் அட்டை. மொத்தம் என்றால் கூட்டு. மீதி என்றால் கழி. ஆளுக்கு என்றால் வகு. மடங்கு என்றால் பெருக்கு. நான்கு நிறத்தில், என் கையெழுத்தில். பக்கத்து வகுப்பு ஆசிரியைகள் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டு போன அட்டை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மணி அடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 4, புதன்

இன்றும் அதே கதை. ஒரு மேசைக்கு ஆறு பேர், நாற்பது பேருக்கு எத்தனை மேசை? "ஆறு மேசை, மீதி நாலு." அந்த நாலு பேர்? "நின்னுக்கிட்டே சாப்பிடட்டும் மிஸ்."

செப்டம்பர் 6, வெள்ளி

மனசு சரியில்லை. எழுதினாலாவது அடங்குமா பார்க்கிறேன்.

எங்கள் வகுப்பில் சக்கர நாற்காலியில் வருகிற பெண்ணுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். யார் விடை சொன்னாலும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு "செல்லாது" என்பாள். பெரும்பாலும் அது செல்லாதுதான். எங்கள் கட்டடத்தில் எல்லா வகுப்பும் ஒரே வராந்தாவில், தரையிலிருந்து மூன்று படி மேலே. காலையில் அவள் அப்பா தூக்கிக்கொண்டு வந்து விடுவார், நாலு மணிக்கு வந்து தூக்கிக்கொண்டு போவார். நடுவில் அவள் கீழே இறங்குவதில்லை.

இன்று மதியம் அவள் பாட்டில் உருண்டு என் காலடிக்கு வந்தது. கழுத்துவரை தண்ணீர். காலையில் நிரப்பியது அப்படியே இருக்கிறது. "ஏன்டி, தாகமே எடுக்காதா உனக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள். "குடிச்சா கீழ போகணும்ல மிஸ்."

கழிவறை கீழே இருக்கிறது. ஜூனிலிருந்து என் கண் முன்னால் ஒரு பிள்ளை எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் என்னத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்? எனக்கெல்லாம் கண்ணு எதுக்கு?

செப்டம்பர் 9, திங்கள்

அவள் அப்பாவோடு பேசினேன். பார்சல் வண்டி ஓட்டுகிறவர். இடுப்பில் பட்டை கட்டியிருந்தார்.

"டாக்டர் இனிமே கனமே தூக்கக் கூடாதுன்னுட்டார் டீச்சர். இந்தப் பருவம் முடியட்டும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். வெளியூர்ல ஒரு ஸ்கூல் இருக்கு, எல்லாம் தரையோட தரையா கட்டியிருக்காங்க. ஆனா ஹாஸ்டல்ல விடணும்."

"அவ என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டாராம். பத்து வயதுப் பெண். தினமும் ராத்திரி அம்மா தலையைப் பின்னிவிட்டால்தான் தூங்குவேன் என்று ஒருநாள் சொன்னவள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தலைமையாசிரியை அறை. சரிவுப் பாதை கட்டலாமே மேடம் என்றேன்.

"நான் மட்டும் வேண்டாம்னா சொல்றேன்? ஆபீஸ்ல அனுமதியே குடுத்துட்டாங்க. மேஸ்திரி வந்து பாத்துட்டு இடம் பத்தாதுன்னுட்டார். கைகழுவுற மேடைக்கு இந்தப் பக்கம் சுவரோரமா ஏழு மீட்டர்தான் இருக்கு, கட்டடப் படத்துலயே போட்டிருக்கு. செங்குத்தா வச்சா பிள்ளை உருண்டுடும்ங்கிறார்."

"படி உயரத்தை அளந்து பாத்தாரா?"

"கண்ணால பாத்தார். முப்பது வருஷ மேஸ்திரி டீச்சர்."

கடைசியில் இறங்கி வந்தார். பதினெட்டாம் தேதிக்குள் இடத்துக்குப் பொருந்துகிற வரைபடம் கொடுத்தால், பருவ விடுமுறையில் வேலை ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் அடுத்த கோடை விடுமுறைதான். அதற்குள் அவள் விடுதிக்குப் போயிருப்பாள்.

அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையைக் கையில் கொடுத்தார். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம் வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. இது ஐந்தாம் வகுப்புக் கணக்குதானே? நான் ஏன் தனியாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

செப்டம்பர் 11, புதன்

வகுப்பில் வைப்பதற்கு முன்னால் ஜட்ஜம்மாவைத் தனியாகக் கேட்டேன். உன்னை வைத்துக் கணக்குப் போடுவதா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

"கணக்கு நான் இல்ல மிஸ். படிதான் கணக்கு," என்றாள்.

வகுப்பில் சொன்னதும் ஒரே அமளி. கூட்டல் கை தூக்கினான். "மிஸ், கணக்கு எங்க இருக்கு?"

"வெளியில இருக்கு. படியில."

"இல்ல மிஸ், எழுதிப் போடுங்க. எந்த வார்த்தையப் பாக்கணும்?"

மொத்தமும் இல்லை, மீதியும் இல்லை. எண்கூட இல்லை. முப்பத்தொரு பேரும் என் அட்டையைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், பாவமாக இருந்தது. "நமக்கு என்ன தெரியணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. என் வேலையில் இவ்வளவு கஷ்டமான பன்னிரண்டு நிமிடம் வந்ததில்லை.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "படி எவ்வளவு உயரம்னு தெரியணும்."

செப்டம்பர் 12, வியாழன்

என் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். கூட்டல் தலைமையில் அளவைக் குழு. ஒவ்வொரு படியின் மேல் விளிம்பிலும் டேப்பைப் பிடித்துத் தொங்கவிட்டு, கீழே எந்த எண் வருகிறதென்று குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். பதினாறு, பதினாறு, பதினாறு. மொத்தம் 48 சென்டிமீட்டர்.

48 × 12 = 576. ஐந்து மீட்டர் எழுபத்தாறு. இருப்பதோ ஏழு மீட்டர்!

வகுப்பே கூரையைப் பிய்த்துவிட்டது. நானும் கத்தினேன். மேஸ்திரியாவது மண்ணாவது என்று கூடச் சொன்னேன். (சொல்லியிருக்கக் கூடாது.)

செப்டம்பர் 13, வெள்ளி

"செல்லாது."

காலையில் முதல் வார்த்தையே அதுதான். "கீழ எறங்குனதும் நான் திரும்ப வேண்டாமா மிஸ்? நேரா போனா கைகழுவுற மேடையில முட்டிக்குவேன்."

சுற்றறிக்கையைத் திருப்பினேன். இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது: சரிவு முடியும் இடத்தில் நாற்காலி திரும்ப 150 சென்டிமீட்டர் சமதரை வேண்டும். நான் பக்கத்தைத் திருப்பவே இல்லை. கேள்வியை முழுசாகப் படியுங்கள் என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்.

576 + 150 = 726. இருபத்தாறு சென்டிமீட்டர் அதிகம்.

ஆளாளுக்கு நோட்டை மூடினார்கள். ஜட்ஜம்மா மட்டும், "நான் சொல்லாம இருந்திருக்கணுமோ?" என்று கேட்டாள். இல்லடி கண்ணு. நீ சொல்லாட்டி வேற யாரு சொல்லுவா?

செப்டம்பர் 14, சனி

நாள் பூரா எரிச்சல். வீட்டுக்காரர் காய் நறுக்கிக்கொண்டே, "இருபத்தாறு சென்டிமீட்டருக்கா இந்த மூஞ்சி? நீ மேஸ்திரியா டீச்சரா?" என்றார். கிண்டல் பண்ணுகிற நேரமா இது? கதவை அடித்துச் சாத்தினேன். பிறகு நானே திறந்து போய் மன்னிப்புக் கேட்டேன், பசி.

பிள்ளைகளுக்கு ஆசை காட்டிவிட்டேனே. இடம் பத்தாதுன்னு மேஸ்திரி சொன்னப்பவே விட்டிருக்கலாம். இப்போ அதையே முப்பத்தொரு பேர் கணக்குப் போட்டு அவ முன்னாடி நிரூபிச்சிருக்கோம்.

செப்டம்பர் 16, திங்கள்

நான் சோர்வோடு பள்ளிக்குப் போனேன். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல சண்டை.

இருபத்தாறு குறைய வேண்டும் என்றால் உயரம் எவ்வளவு குறைய வேண்டும்? இருபத்தாறைப் பன்னிரண்டால் வகுத்திருக்கிறார்கள். நான் சொல்லவே இல்லை! ஈவு இரண்டு, மீதி இரண்டு. "ரெண்டு சென்டிமீட்டர் குறைஞ்சா போதும்," என்றது ஒரு கட்சி. "அப்போ மீதி ரெண்டு எங்க போகும்? மூணு குறையணும்," என்றது இன்னொன்று. மீதி நாலு பேர் நின்றுகொண்டே சாப்பிடட்டும் என்ற அதே கூட்டம்தான் இது. ஒருவன் படியை மூன்று சென்டிமீட்டர் செதுக்கிவிடலாம் என்றான். உளி எங்கள் வீட்டில் இருக்கிறது என்றான் இன்னொருவன். பறிமுதல் பண்ண வேண்டியிருக்குமோ என்று பயந்தேன்.

கடைசியில், மறுபடி அளந்து பார்ப்போம், கொஞ்சமாவது குறையாதா என்று கிளம்பினார்கள். இந்த முறை படிப்படியாக இல்லை. வராந்தா தரையிலிருந்து ஒரு பலகையை மட்டமாக நீட்டி, அதன் அடி விளிம்பிலிருந்து நேராகத் தரைவரை டேப்பைத் தொங்கவிட்டார்கள். 46.

46 × 12 = 552. அதோடு 150. எழுநூற்றிரண்டு.

இரண்டு சென்டிமீட்டர் அதிகம். என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை.

சாயந்திரம் வீட்டில், நானும் பிள்ளைகளும் வரைந்த வரைபடத்தை விரித்தேன். பென்சிலால் 700 என்று எழுதினேன். இரண்டு சென்டிமீட்டரை யார் டேப் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? குடியா முழுகிவிடும்? ஒரு பிள்ளை விடுதிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே. எழுதியதை அழிக்கவில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. அதே படி, அதே டேப். முதலில் 48, இப்போது 46. எப்படி?

செப்டம்பர் 17, செவ்வாய்

இதைப் பொறுமையாக எழுத வேண்டும், கை ஓடுகிறது.

காலையில் கேள்வியை அப்படியே பலகையில் எழுதினேன். நாற்பத்தெட்டா, நாற்பத்தாறா? கூட்டல் வாக்கெடுப்பு நடத்தலாம் என்றான். ஜட்ஜம்மா, "ஒண்ணு தப்பு. இல்லேன்னா ரெண்டுமே தப்பு. என் கண்ணு முன்னால அளங்க," என்றாள். நீதிமன்றம் வராந்தாவுக்குப் போனது.

அவள் நாற்காலியை வராந்தா விளிம்பில் நிறுத்தினேன். இதுவரை அளந்தபோதெல்லாம் நாங்கள் எல்லாரும் கீழே நின்று கடைசி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது டேப்பின் ஆரம்பம் அவள் மூக்குக்கு நேராக இருக்கிறது. கூட்டல் பலகை விளிம்பில் டேப்பைப் பிடித்தான்.

"நில்லு. ஏன் ஒண்ணைப் பிடிச்சிருக்க?"

"வேற எதைப் பிடிக்கிறது?"

டேப்பின் நுனியில் ஒரு தகரத் தகடு. அதற்கு அடுத்து முதலில் இருக்கிற எண் 1. அந்தக் கோட்டைத்தான் விளிம்பில் வைத்திருந்தான். நுனியிலிருந்து ஒன்றுவரை இருக்கிற ஒரு சென்டிமீட்டர் சும்மா மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் மட்டும் இல்லை. எல்லாரையும் பிடிக்கச் சொன்னேன். ஜட்ஜம்மா தவிர முப்பது பேரில் இருபத்தாறு பேர் ஒன்றைத்தான் பிடித்தார்கள்.

"ஏன்டா நுனியிலேர்ந்து அளக்கல?"

"அங்க நம்பரே இல்ல மிஸ்."

"அதுதான்டா பூஜ்யம். எழுதலேன்னாலும் அங்கதான் ஆரம்பிக்கணும்."

கூட்டல் என்னை நிமிர்ந்து பார்த்தான். வம்புக்கு இல்லை, நிஜமாகவே குழம்பிப் போய்க் கேட்டான். "பூஜ்யம்னா ஒண்ணுமே இல்லைன்னு நீங்கதானே மிஸ் சொல்லிக் குடுத்தீங்க? ஒண்ணுமே இல்லாததுலேர்ந்து எப்படி மிஸ் ஆரம்பிக்கிறது?"

ஆமாம், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பதினெட்டு வருடமாக, வெறும் கையை விரித்துக் காட்டி, பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று. எண்ணுவதற்கு ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அளப்பதற்கு அப்படி இல்லை. இரண்டும் வேறு என்று ஒரு நாளும் சொன்னதில்லை, எனக்கே தோன்றினால்தானே சொல்வதற்கு.

ஜட்ஜம்மா அதற்குள் விரலை மடக்க ஆரம்பித்திருந்தாள். "படிப்படியா அளந்தப்ப மூணு தடவை ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சோம். மூணு சென்டிமீட்டர் சேந்துடுச்சு. நாப்பத்தெட்டுல மூணு போச்சு. பலகை வச்சப்ப ஒரே தடவை. நாப்பத்தாறுல ஒண்ணு போச்சு."

இரண்டும் நாற்பத்தைந்து.

யாரும் கத்தவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் நோட்டில் குனிந்தார்கள். 45 × 12 = 540. 540 + 150 = 690. ஏழு மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் குறைவு!

நுனியைப் பிடித்து இன்னும் மூன்று முறை அளந்தோம். நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து.

"செல்லும்," என்றாள் ஜட்ஜம்மா. அப்புறம்தான் கத்தினார்கள். தலைமையாசிரியை அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த 700-ஐ அழித்தேன். காகிதம் கிழிகிற அளவுக்கு அழித்தேன்.

செப்டம்பர் 18, புதன்

வரைபடம் கொடுத்தாயிற்று. முப்பத்தொரு கையெழுத்து.

செப்டம்பர் 19, வியாழன்

அட்டையைக் கழற்றினேன். ஆணி மட்டும் இருக்கிறது. "இனிமே எதைப் பாத்துப் போடுறது மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். கணக்கையே பாரு என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

மேஸ்திரி இரும்பு டேப்போடு வந்தார். முப்பத்தொரு பேரும் நானும் டேப்பைச் சுற்றி நின்றோம். உயரம் நாற்பத்தைந்து. சுவரோரம் ஏழு மீட்டர். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் மூணு படின்னதும் அரை மீட்டருக்கு மேல இருக்கும்னு நினைச்சுட்டேன் டீச்சரம்மா. தப்பு என்னுதுதான்."

நல்ல மனிதர். அன்று நான் சொன்னதை நினைத்து வெட்கமாக இருந்தது. அவர் பிள்ளைகளை விடவில்லை. "கைப்பிடிக்குத் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு ஒரு கம்பி நடணும். அஞ்சு மீட்டர் நாப்பதுக்கு எத்தனை கம்பி?"

"ஆறு!" என்று ஒரே குரல். ஐந்நூற்று நாற்பதைத் தொண்ணூறால் வகுத்தால் ஆறுதான். கூட்டல் மட்டும் தரையில் கோடு போட்டு விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தான். "ஏழு மிஸ். ஆரம்பத்துல நிக்கிற கம்பியையும் கூட்டணும்."

சரிதான். வாழ்க்கையில் முதல் முறையாக அவன் கூட்டியது சரியாகப் போனது. மேஸ்திரி அவன் முதுகில் தட்டினார். பயல் சாயந்திரம்வரை தரையில் நடக்கவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

விடுமுறை ஆரம்பம். வாசலில் மணல் கொட்டியிருக்கிறார்கள். ஜட்ஜம்மாவின் அப்பா மணலைப் பார்த்துக்கொண்டே நின்றார். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். "முடிச்சுக் காட்டட்டும் டீச்சர். எத்தனையோ மணலைப் பாத்தாச்சு," என்றார். கோபம் வந்தது. அப்புறம், அவர் இடுப்புப் பட்டையைப் பார்த்ததும், போய்விட்டது.

அக்டோபர் 7, திங்கள்

பள்ளி திறந்தது.

நான் ஏழரைக்கே போய்விட்டேன். எனக்கு முன்னால் பாதி வகுப்பு வந்திருந்தது. யாரும் சரிவில் கால் வைக்கவில்லை. அவள்தான் முதலில் ஏற வேண்டும் என்று அவர்களுக்குள்ளேயே பேசி வைத்திருக்கிறார்கள்.

அப்பா வண்டியிலிருந்து நாற்காலியை இறக்கினார். பழக்கத்தில் அவளைத் தூக்கக் குனிந்தார். "விடுப்பா," என்றாள். பின்னாலிருந்து தள்ளப் போனார். "அதுவும் வேண்டாம்."

நடுவில் ஒரு முறை நின்றாள். கை வலித்திருக்கும். கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கினாள். கூட்டல் ஓடப் பார்த்தான், நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். மறுபடி உருட்டினாள். வராந்தாவுக்கு வந்து, நாற்காலியைத் திருப்பி, எங்கள் எல்லாரையும் மேலிருந்து பார்த்தாள். நான் அழுதுவிட்டேன். பிள்ளைகள் முன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நன்றாகவே அழுதேன்.

அப்புறம் தலைமையாசிரியை மேசை இழுப்பறையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். அப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். கண்ணைக் காட்டாமல் போவதற்காகத்தான் அந்த அவசரம் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 9, புதன்

பின்னம் ஆரம்பித்தோம். அரை என்றால் என்ன என்றேன். "எதுல அரை மிஸ்?" என்று மூன்று பேர் திருப்பிக் கேட்டார்கள். இனி இவர்களிடம் பிழைப்பது கஷ்டம்.

அக்டோபர் 16, புதன்

இடைவேளை முடிந்து மணி அடித்து ஏழு நிமிடம் ஆகியும் ஜட்ஜம்மா வகுப்புக்கு வரவில்லை. ஆள் அனுப்பினேன், அனுப்பிய ஆளும் வரவில்லை. நானே வெளியே போய்ப் பார்த்தால், மைதானத்தின் மறுகோடியில் நாலைந்து பேரோடு சுற்றிக்கொண்டிருக்கிறாள். தலை கலைந்து, சக்கரமெல்லாம் சேறு. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வந்ததும் நன்றாகத் திட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள், சிரிப்பை அடக்க முடியாமல். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக, முதன்முறையாக, 'தாமதம்' என்று எழுதினேன்.